லூசியான் தூவிய உப்பு

என் மகள் மாலினியின் இடது காதைச் செவிடாக்கியவன் நான். மாடிப்படியில் உறைந்திருந்த பனி அதைச் செய்யவில்லை. என் வலது கை செய்தது.

மொன்ட்ரியாலில் எங்களைத் தெரிந்த எல்லோரும் இத்தனை ஆண்டுகளாகப் படியைத்தான் குற்றம் சொல்லி வந்தார்கள். அந்தப் படிக்குச் சொந்தக்காரரான லூசியானும் அப்படியே நம்பினார். நம்பியபடியே போன மாதம் செத்தும் போனார்... அவருடைய சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நான் கைகட்டி நின்றேன். என்னைப் போன்ற யோக்கியனை நீங்கள் பார்த்திருக்கவே மாட்டீர்கள்!

இதை ஏன் இப்போது சொல்கிறாய் என்று கேட்பீர்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அந்தப் பதிலை முதலிலேயே சொல்லிவிட்டால் பாதியில் எழுந்து ஓடிவிடுவேன். அதனால் வரிசையாகச் சொல்கிறேன். நடுவில் எங்காவது என்னை நானே நியாயப்படுத்திக்கொண்டால் நம்பாதீர்கள்.

நான் ஒரு பொறியாளன். கோயம்புத்தூரில் படித்து, அங்கேயே சில காலம் வேலை பார்த்து, அறுபதுகளின் கடைசியில் மனைவி வசந்தாவோடும் கைக்குழந்தை மாலினியோடும் இந்த ஊருக்கு வந்தேன். நகரின் நடுவே உயர்ந்த கட்டடம் ஒன்றில் இருந்த ஆலோசனை நிறுவனத்தில் இடம் கிடைத்தது. நாட்டின் மேற்குப் பக்கத்தில் மலைகளுக்கு நடுவே ஒரு நெடுஞ்சாலை போகிறது. குளிர்காலம் முழுவதும் அதன் மேல் பனிச்சரிவு விழும். லாரியை ஆளோடு சேர்த்து அடித்துப் பள்ளத்தில் தள்ளும். அதை எப்படி அடக்குவது என்று கணக்குப் போடுவது என் வேலை. பனியையே இங்கே வந்துதான் முதலில் பார்த்தவனுக்கு இந்த வேலை!

அடக்குவதற்கு இரண்டு விதமான வழிகள் உண்டு. ஒன்று, வருவது வரட்டும் என்று சாலைக்குக் காப்புக் கட்டுவது. சாலைக்கு மேலே காங்கிரீட்டில் நீளமாகக் கூரை போட்டால் சரிவு அதன் மேல் ஏறி அந்தப் பக்கம் விழுந்துவிடும். மலையடியில் மண்மேடுகளைக் குவித்தால் அதன் வேகம் உடையும். சாய்வாகக் கரை எழுப்பினால் வேறு பக்கம் திரும்பும்.

மற்றொரு வழி பீரங்கி. ஆம், போரில் சுடுகிற அதே பீரங்கி! சாலையோரத்தில் அதற்கென்று மேடைகள் இருக்கும். வானம் தெளிந்த நாளில், எந்த முகட்டுக்கு எந்தக் கோணம் என்று குறித்துவைத்துக்கொள்வார்கள். பிறகு கண் தெரியாத பனிப்புயலிலும் அந்தக் கோணத்துக்குத் திருப்பிச் சுடுவார்கள். முகட்டில் சேர்ந்த புதுப்பனி குண்டின் அதிர்ச்சியில் உடைந்து இறங்கும். தேங்கிப் பெரிதாகி, தானே ஒருநாள் ஆளைக் கொல்ல வருவதற்குள் சிறிது சிறிதாக நாமே இறக்கிவிடுகிறோம். விஷயம் இவ்வளவுதான்.

சுடுவதற்கு முன்னால் சாலையின் இரு முனைகளிலும் தடுப்புக் கதவுகளை மூட வேண்டும். உள்ளே யாரும் சிக்கியிருக்கவில்லை என்று ஒரு வண்டி கடைசியாக ஓடிப் பார்த்துவர வேண்டும். பிறகுதான் சுட வேண்டும். இறங்கியதை அள்ளித் தள்ளிய பின்தான் கதவைத் திறக்க வேண்டும். இந்த விதிகளை எழுதும் பொறுப்பு மெல்ல மெல்ல என்னிடம் வந்து சேர்ந்தது.

குளிர்காலத்துக்கு ஒரு முறையாவது டோர்வல் விமான நிலையத்தில் விமானம் ஏறி அந்த மலைகளுக்குப் போவேன். முதல் பயணத்திலேயே, விருந்தாளிக்கு மரியாதை செய்வதைப் போல, பீரங்கியைச் சுட இழுக்கும் கயிற்றை என் கையில் கொடுத்தார்கள். இழுத்தேன். நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு மேகத்துக்குள் எங்கோ ஒரு முனகல் கேட்டது. மலையின் தோல் கிழிந்ததைப் போல வெள்ளையாக ஒரு கோடு ஓடிற்று. அதன் கீழே இருந்தது அத்தனையும் புறப்பட்டு, மரங்களை முறித்துக்கொண்டு, புகையாய், இடியாய் வந்து சாலையை மூடிற்று. என் முகத்தில் பனித்தூள் அறைந்தது. நான் சிரித்தேன்... குழந்தையைப் போலக் கைதட்டிச் சிரித்தேன்!

அந்தச் சிரிப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

என் கோபத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அலுவலகத்தில் அதைக் கண்டவர் யாருமில்லை. அங்கே நான் பரம சாது. மேலதிகாரிகள் என் கணக்கைத் தங்கள் கணக்காகக் காட்டும்போதும் தலையாட்டுவேன். எல்லாம் சேரும். சேர்ந்ததை வீட்டில் இறக்குவேன்.

எங்கள் வீடு நகரின் வடக்கே மொன்ட்ரியால்-நோர் என்ற பகுதியில். இரண்டு தளங்கள். கீழே லூசியானும் அவர் மனைவியும். அந்த அம்மாளை நாங்கள் மதாம் என்றே அழைப்போம். மேலே நாங்கள் வாடகைக்கு. வீட்டுக்கு வெளியே, முகப்பிலேயே, வளைந்து ஏறும் இரும்புப் படி. குளிர்காலத்தில் அதில் பனி கட்டியாகிக் கண்ணாடியாய் மின்னும். உப்புத் தூவினால்தான் கரையும்; அது லூசியானின் வேலை.

சாம்பாரில் உப்புக் குறைந்தால் தட்டு பறக்கும். அதற்கு வசந்தா ஒரு வார்த்தை சொன்னால் கை பறக்கும். அவள் தலைமயிரைப் பற்றிச் சுவரில் மோதியிருக்கிறேன். அவள் கைவளையல்கள் என் பிடியிலேயே உடைந்து அவள் மணிக்கட்டைக் கிழித்திருக்கின்றன. அடித்து முடித்ததும் எனக்குள் ஒரு தெளிவு வரும். மருந்து தடவுவேன். அடிக்கிற கைதான் அணைக்கும் என்பேன். இரண்டு மூன்று நாள்கள் தங்கமான மனிதனாக இருப்பேன். அந்த நாள்களில் எங்களைப் பார்த்தவர்கள், டொலார்ட்-டெஸ்-ஓர்மோ என்ற புறநகரில் வீடு வாங்கிக் குடியேறிய நம் ஊர் டாக்டர் குடும்பங்கள், என்ன ஒற்றுமையான தம்பதி என்று சொல்வார்கள். நான் கூச்சப்படுவேன். தூ!

ஒருநாள் சாப்பாட்டு மேசையில் வசந்தாவுக்கு என் தொழிலை விளக்கினேன். எவர்சில்வர் தட்டைச் சாய்த்துப் பிடித்து அதில் அரிசிமாவைத் தூவினேன். தட்டின் அடியில் விரலால் சுண்டினேன். மாவு இறங்கியது. மறுபடி தூவிச் சுண்டினேன், இறங்கவில்லை. மறுபடியும் சுண்டினேன், அப்போதும் இறங்கவில்லை. பிறகு மாலினி பக்கத்தில் வந்து மூச்சு விட்டாள். மொத்தமும் சரிந்து மேசையில் கொட்டிற்று. குழந்தை குலுங்கிச் சிரித்தாள்.

"பார்த்தியா? வெடி போட்டும் இறங்கலைன்னா அந்தச் சரிவை நம்பவே கூடாது. அதுதான் ஆளைக் கொல்லும்" என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். முந்தின நாள்தான் அவளை அடித்திருந்தேன். அவள் கன்னத்தில் வீக்கம் வடியவில்லை. அதைச் சமாதானம் செய்யும் தொனியில், வேடிக்கையாகப் பேசுவதாக எண்ணிக்கொண்டு, என் கோபமும் அப்படித்தான் என்றேன். சின்னச் சின்னதாக இறக்கிவிட்டால் பெரியது வராது என்றேன். அவள் மாவைத் துடைத்து எடுத்தாள். நான் சொன்னதை எவ்வளவு கவனமாகக் கேட்டிருக்கிறாள் என்று எனக்கு அன்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு பழக்கம் தொடங்கிற்று. வசந்தா ஒரு கிண்ணத்தில் கேசரியோ பாயசமோ வைத்து மாலினியிடம் கொடுத்துக் கீழே மதாமிடம் அனுப்புவாள். நம் ஊர் வழக்கப்படி பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்று மதாமுக்கு அவள்தான் சொல்லிக் கொடுத்திருந்தாள். மதாமும் அதைப் பிடித்துக்கொண்டாள். கிண்ணத்தில் போட ஏதாவது செய்து முடிக்கும்வரை குழந்தை கீழேதான் இருக்கும். பிறகு வசந்தா பூரிக்கட்டையால் தரையில் இரண்டு முறை தட்டுவாள். மதாம் குழந்தையை மேலே அனுப்புவாள்.

அந்தத் தட்டலை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். பெண்கள் சமாசாரம் என்று விட்டுவிட்டேன். கிண்ணம் கீழே போகிற நாள்களில்தான் சாம்பாரில் உப்பு இருக்காது என்பதையும் கவனிக்கவில்லை. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று கத்திக்கொண்டு தட்டை வீசுவேன். அடிப்பேன். அமைதியாவேன். இரண்டு தட்டு. மாலினி இனிப்போடு ஏறி வருவாள். நான் அவளைத் தூக்கிக் கொஞ்சுவேன். மறுநாள் யாராவது விருந்துக்கு வருவார்கள்.

ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் இருந்த மலையில் எப்போது சரிவு வரும் என்று சொல்லத் தெரிந்த எனக்கு, என் சமையலறையில் நடந்தது தெரியவில்லை... இதை நீங்கள் நம்புகிறீர்களா? நானே சில சமயம் நம்புவதில்லை. தெரிந்தும் தெரியாததைப் போல இருந்தேனோ என்னவோ!

மாலினிக்கு அப்போது ஆறு வயது. குளிர்காலம் முடியப் போகிற நேரம். புதிய விதிகளை மேற்கே போய் அதிகாரிகள் முன் விளக்கும் நாள் நெருங்கியிருந்தது. எழுதியவன் நான். போகிறவனும் நான்தான் என்று நினைத்திருந்தேன். மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு, மிக அன்பாக, நாற்காலி போட்டு உட்காரவைத்துச் சொன்னார். என் உச்சரிப்பு அங்குள்ளவர்களுக்குப் புரிவதில்லையாம். என்னிடம் பயிற்சி பெற்ற ஓர் இளைஞன் போவானாம். நான் அவனுக்கு எல்லாவற்றையும் சொல்லித் தர வேண்டுமாம். சரி என்றேன். நன்றி என்றும் சொன்னேன். எதற்கு நன்றி?

மெட்ரோவிலும் பிறகு பேருந்திலும் உதட்டை அசைத்து என் சொற்களை எனக்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். எது பிழை? எந்த எழுத்து? பக்கத்தில் இருந்த பெண் எழுந்து வேறு இடத்துக்குப் போனாள்.

வீட்டுக்குள் நுழைந்தபோது என் முகத்தைப் பார்த்தாள் வசந்தா. மாலினி கிண்ணத்தோடு கீழே இறங்கிப் போனாள். சோறு வந்தது. சாம்பாரில் உப்பில்லை. சாப்பிட்டேன். இன்னும் கொஞ்சம் ஊற்று என்றேன். அவள் ஊற்றினாள்.

அவள் விடவில்லை. ஊரில் இருந்து என் அம்மா கடிதம் போடவில்லை என்றாள். அவர்களுக்கு நம் நினைப்பே இல்லை என்றாள். மற்ற நாளாயிருந்தால் அந்த ஒரு பேச்சுக்கே வீடு இரண்டாகியிருக்கும். நான் புன்னகை செய்தேன். கை கழுவினேன். நாற்காலியில் உட்கார்ந்து வானொலியைத் திருகினேன். எனக்குள் எல்லாம் வெகு அமைதியாக இருந்தது. அப்படி ஓர் அமைதியை நான் அதற்கு முன் அறிந்ததில்லை. அவள் நெடுநேரம் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பூரிக்கட்டையை எடுத்தாள். இரண்டு தட்டு.

மாலினி ஏறி வந்தாள். கிண்ணத்தில் மதாம் செய்த வெல்லக்கட்டி மிட்டாய். ஒன்றை எடுத்து என் வாயில் ஊட்டினாள். நான் பிரெஞ்சில் நன்றி சொன்னேன். அவள் களுக்கென்று சிரித்தாள்.

"அப்பா, நீங்க சொல்றது தப்பு. மதாமும் சிரிப்பாங்க. இப்படிச் சொல்லணும்" என்று தன் சின்ன வாயைக் குவித்துச் சொல்லிக் காட்டினாள். "மெர்சி."

இறங்கிற்று.

நான் எழுந்ததுகூட எனக்குத் தெரியாது. முழங்கையை மடக்காமல், தோளில் இருந்து வீசிய அறை. அவள் காதோடு சேர்த்து விழுந்தது. கால்கள் தரையை விட்டுக் கிளம்பி, இரும்பு ஹீட்டரில் தலை மோதி விழுந்தாள். கிண்ணம் உருண்டு உருண்டு கதவருகே போய் நின்றது. அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை! வாய் குவிந்தபடியே இருந்தது. காதில் இருந்து ஓர் இழையாக இரத்தம் கழுத்துக்கு இறங்கிற்று. நான் அவள் மேல் நின்றுகொண்டு இன்னும் கையை ஓங்கியிருந்தேன்... ஆம், ஓங்கியிருந்தேன். அடுத்த அடிக்கு. இதை வசந்தா ஒருத்திதான் பார்த்தாள்.

அவள் குழந்தையை வாரி எடுத்தாள். என்னைத் திட்டவில்லை. கண்ணில் நீர்கூட இல்லை. தனக்குத்தானே சொல்லிக்கொள்வதைப் போலச் சொன்னாள்:

"வெடி போட்டும் இறங்கலைன்னா நம்பாதேன்னு சொன்னீங்களே. நான்தான் மறந்துட்டேன். நான்தான் ரோட்டைத் திறந்துட்டேன்."

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு எல்லாம் ஒரே நொடியில் புரிந்தது. கீழே போகும் கிண்ணம், உப்பில்லாத சாம்பார், இரண்டு தட்டு. கதவை மூடி, குழந்தையை அப்புறப்படுத்தி, குண்டு போட்டு, இறங்குவதைத் தன் உடம்பில் வாங்கிக்கொண்டு, அள்ளித் துடைத்துவிட்டு, அதன் பிறகே கதவைத் திறந்து வந்திருக்கிறாள். என் விதிகளை ஒன்றுவிடாமல் கடைப்பிடித்திருக்கிறாள்! என்னை நான் பீரங்கியின் கயிற்றை இழுத்துவிட்டுக் கைதட்டிச் சிரித்தவன் என்று நினைத்திருந்தேன். அந்த வீட்டில் மலை நானாக இருந்திருக்கிறேன்.

கதவைத் திறந்துகொண்டு படியின் உச்சிக்கு வந்தோம். வசந்தாவின் தோளில் குழந்தையின் தலை தொங்கிற்று. மேலே கேட்ட சத்தத்துக்குக் கீழே இருந்து லூசியான் செருப்பில்லாமல் ஓடி வந்தார். பாதிப் படியில் நின்று, குழந்தையைப் பார்த்தார்; இரத்தத்தைப் பார்த்தார்; தன் காலடியில் மின்னிய பனிக்கட்டியைப் பார்த்தார். சற்று முன் அந்தப் படியில்தான் குழந்தை ஏறிப் போயிருந்தாள். அன்று அவர் படிக்கு உப்புத் தூவியிருக்கவில்லை. அவர் முகம் வெளுத்தது. படியா என்று பிரெஞ்சில் கேட்டார்.

"வுய்" என்றேன். ஆம் என்று.

வாழ்நாளில் நான் பிழையில்லாமல் உச்சரித்த பிரெஞ்சுச் சொல் அதுதான். யாரும் அதைத் திருத்தவில்லை.

அவருடைய காரில்தான் மருத்துவமனைக்குப் போனோம். எப்படி நடந்தது என்று டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார். எனக்கு முன்னால் லூசியான் பதில் சொன்னார். தொப்பியைக் கசக்கிக்கொண்டு, என் தவறு, என் படி, என் சோம்பேறித்தனம் என்று சொல்லிச் சொல்லி அழுதார். டாக்டர் அவர் தோளைத் தட்டினார். நான் சுவரில் மாட்டியிருந்த சிலுவையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். இடது காதில் இனி ஒன்றும் கேட்காது என்று சில நாள்களில் சொல்லிவிட்டார்கள்.

அன்று சொல்லியிருக்கலாமே என்பீர்கள். வேலை போகும், சிறைக்குப் போவேன், நாட்டை விட்டு அனுப்பிவிடுவார்கள், குடும்பம் நடுத்தெருவில் நிற்கும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். எல்லாம் பொய்க் கணக்கு. அந்த மனிதர் தாமாக முன்வந்து என் பாரத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டார். எனக்கு அது சுகமாக இருந்தது. இதுதான் உண்மை. சொல்லும்போதே நாக்கு கசக்கிறது.

அதன் பிறகு லூசியான் உப்புத் தூவாத காலை இல்லை. பனி பெய்தாலும் பெய்யாவிட்டாலும், வாளியும் கரண்டியுமாக, ஒவ்வொரு படியாகக் குனிந்து தூவுவார். மாலினியின் உயரத்துக்கு என்று தனியாக ஒரு கைப்பிடி அடித்து, அவள் கை சில்லிடாமல் இருக்கத் துணி சுற்றி வைத்தார். அவளோடு பேசும்போது மறக்காமல் வலப்பக்கம் வந்து நின்றுகொள்வார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்களே... அவரை நினைக்காமல் நான் ஒரு நாளும் என் வீட்டுக்குள் நுழைந்ததில்லை!

இந்த நகரத்தின் மலைச்சரிவில் பெரிய தேவாலயம் ஒன்று இருக்கிறது. அதன் நடுவே மரப்படிகள். வேண்டுதல் உள்ளவர்கள் அவற்றை முழங்காலாலேயே ஏறுவார்கள். ஒரு கோடையில் லூசியான் என்னையும் துணைக்கு அழைத்தார். போனேன். அவருக்குக் கனத்த சரீரம், வயதும் ஆகிவிட்டது. ஒவ்வொரு படியிலும் நின்று, மூச்சு வாங்கி, ஏதோ முணுமுணுத்து, அடுத்த படிக்கு முழங்காலைத் தூக்கினார். மாலினியின் காதுக்காக! நான் கீழே நிழலில் அவருடைய கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இறங்கி வந்தபோது முழங்காலில் துணி தேய்ந்து சதை தெரிந்தது. நீங்கள் நல்ல மனிதர், என்மேல் ஒருநாளும் கோபப்பட்டதே இல்லை என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டார். அடித்த கை அதுதான்.

அன்று வீட்டுக்கு வந்ததும் வசந்தா கேட்டாள். "அவர்கிட்டயாவது சொல்லிடக் கூடாதா?" நான் வானொலியைத் திருகினேன். அவள் மறுபடி கேட்கவில்லை. நான் குழந்தையை அடித்த நாளுக்குப் பிறகு அவள் கிண்ணத்தைக் கீழே அனுப்பியதில்லை. என் தட்டுக்குப் பக்கத்தில் உப்பு ஜாடியை நிரந்தரமாக வைத்துவிட்டாள். வேண்டுமானால் நானே போட்டுக்கொள்ள வேண்டும். நீ அதற்குப் பிறகு அடித்ததே இல்லையா என்று கேட்பீர்கள். கையை ஓங்கியிருக்கிறேன். ஓங்கும்போதெல்லாம் மாலினி அறையை விட்டுப் போகாமல் அங்கேயே நின்று என்னைப் பார்ப்பாள். கை தானே கீழே வரும். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

இந்தக் குளிர்காலம் தொடங்கியபோது லூசியானுக்கு நுரையீரல் கெட்டுவிட்டது. மருத்துவமனைப் படுக்கையில் இருந்து, மாலினியைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். அவளுக்கு இப்போது பதினான்கு வயது. மதாம் வெளியே உட்கார்ந்திருந்தாள். அறையில் நாங்கள் மூவர்தான்.

அவர் பேச முயன்றார், குரல் எழவில்லை. மாலினி குனிந்து தன் வலது காதை அவர் வாயருகே கொண்டுபோனாள். அந்த நாளில் உப்புப் போடாமல் விட்டதற்கு என்னை மன்னித்துவிடு என்று கேட்டார். சாவதற்கு முன் உன் வாயால் கேட்க வேண்டும் என்றார். எனக்கே அது காதில் விழுந்தது.

மாலினி நிமிர்ந்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள்.

எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று எனக்குத் தெரியாது. அவள் முகத்தில் கோபம் இல்லை. வகுப்பில் பதில் தெரிந்த ஆசிரியை, மாணவன் சொல்லட்டும் என்று நிற்பாளே, அப்படி நின்றாள். சொல்! ஒரே ஒரு சொல்! அவர் நிம்மதியாகப் போவார்! என் வாய் திறந்தது. பிறகு நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். வெளியே பனி பெய்துகொண்டிருந்தது.

மன்னித்தேன் என்று அவள் பிரெஞ்சில் சொல்வது கேட்டது. லூசியான் அவள் கையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். சில நாள்களில் இறந்தார். செய்யாத குற்றத்துக்கு மன்னிப்புப் பெற்றுக்கொண்டு போனார்.

மருத்துவமனையில் இருந்து பேருந்தில் திரும்பினோம். எங்கே போனாலும் மாலினி என் இடப்பக்கம் உட்காருவாள். அப்போதுதான் கேட்கும் காது என் பக்கம் இருக்கும். அன்று அவள் என் வலப்பக்கம் வந்து உட்கார்ந்தாள். சிறிது தூரம் போன பிறகு, முகத்தைத் திருப்பாமல் சொன்னாள்:

"நீங்க சொல்வீங்கன்னு கொஞ்ச நேரம் பார்த்தேன், அப்பா."

ஆக, அவளுக்குத் தெரியும்... எப்போதும் தெரிந்திருந்தது. நாங்கள் படியென்று சொன்னபோதும், லூசியான் அழுதபோதும், மதாம் அவளைக் கட்டிக்கொண்டு விம்மியபோதும் தெரிந்திருந்தது. அவளுக்கே நாங்கள் சொல்லிக் கொடுத்த பொய்யை, கேட்டவர்களுக்கெல்லாம் அவள் எங்களுக்காகச் சொல்லியிருக்கிறாள்.

அப்போது நான் பேசினேன். எல்லாவற்றையும் சொன்னேன். அலுவலகம், உச்சரிப்பு, மிட்டாய், அறை, இரண்டாவது அடிக்கு ஓங்கிய கை, அந்த 'வுய்'. குரலைத் தாழ்த்தி, அவள் பக்கம் குனிந்து, வீடு வரும்வரை சொன்னேன். அவளுடைய இடது காதுக்குள் சொன்னேன். அவள் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தாள். அவளுக்கு ஒரு சொல்லும் கேட்டிருக்காது. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்!

இப்போது உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என்னை அறியமாட்டீர்கள், லூசியானை அறியமாட்டீர்கள். நீங்களும் எனக்கு அந்த இடது காதுதான். மதாமிடம் இன்னும் சொல்லவில்லை.

சாவுக்குப் பிறகு மதாம் அந்த வாளியையும் கரண்டியையும் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தாள். அவர் உங்களுக்குத்தான் கொடுத்திருப்பார் என்றாள். இப்போது காலையில் நான் தூவுகிறேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்து அவள் கைகூப்பி நன்றி சொல்கிறாள். கைகூப்பவும் வசந்தாதான் கற்றுக்கொடுத்தாள்.

இன்று காலை நான் கீழிருந்து பாதிப் படிக்கு மட்டும்தான் தூவியிருந்தேன். மாலினி பள்ளிக்கூடப் பையோடு கதவைத் திறந்துகொண்டு வந்தாள். உப்புப் போடாத படிகளைக் காட்டி, நில் என்று கை காட்டினேன். அவள் நிற்கவில்லை. மின்னுகிற பனியின் மேல் தடதடவென்று இறங்கி, ஒதுங்கி என்னைக் கடந்து, தெருவில் போய்விட்டாள். கைப்பிடியைத் தொடவில்லை. லூசியான் சுற்றிய துணி வெயிலிலும் பனியிலும் வெளுத்திருக்கிறதே தவிர, கைபட்டுத் தேயவே இல்லை. அந்தப் படியிடம் அவளுக்கு ஒருநாளும் பயம் இருந்ததில்லை.